முதல் வேலை: இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங்கா, அசெட் மேனேஜ்மென்ட்டா?

மகனுக்கு இன்வெஸ்ட்மென்ட் பேங்கில் வேலை கிடைத்திருக்கிறது என்று சொன்னால், சொந்தக்காரர்கள் கேட்கும் அடுத்த கேள்வி "எந்த பிராஞ்ச்?" என்பதாகத்தான் இருக்கும். மகளுக்கு அசெட் மேனேஜ்மென்ட் கம்பெனியில் வேலை என்றால், "மியூச்சுவல் ஃபண்டு விக்கிற வேலையா?" என்பார்கள். சொந்தக்காரர்களை விடுங்கள். பி.காம்., சி.ஏ., எம்.பி.ஏ. முடித்துவிட்டு இந்த வேலைகளுக்கே விண்ணப்பம் போடுகிறவர்களில் பலரும் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டித்தான் பேசுகிறார்கள்: மும்பை, கோட்டு சூட்டு, பெரிய சம்பளம். "எனக்குப் பங்குச் சந்தை என்றால் உயிர், அதனால்தான் இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங்" என்று நேர்முகத் தேர்வில் சொல்பவர், தப்பான வாசலில் வந்து நிற்பதைத் தன் வாயாலேயே சொல்லிவிடுகிறார்.

இந்தக் குழப்பத்துக்கு நியாயமான காரணமும் உண்டு. ஒரே குழுமத்துக்குள் எல்லாமே இருக்கிறது. எஸ்.பி.ஐ. என்றால் நம் தெருமுனை வங்கி. எஸ்.பி.ஐ. கேப்பிட்டல் மார்க்கெட்ஸ் ஓர் இன்வெஸ்ட்மென்ட் பேங்க். எஸ்.பி.ஐ. ஃபண்ட்ஸ் மேனேஜ்மென்ட், மியூச்சுவல் ஃபண்டு நடத்தும் கம்பெனி. கோட்டக் குழுமத்திலும் இதே மூன்றும் தனித்தனியாக உண்டு. மூன்று இடத்திலும் வேலை பார்ப்பவர்கள் ஒரே பெயரைச் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் ஒருவருடைய நாற்காலியில் இன்னொருவரை உட்கார வைத்தால் முழிக்க வேண்டியதுதான்.

இரண்டு வேலைகளுக்கும் பணம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பிடித்துக்கொண்டால் போதும். வேலை நேரம், சம்பளம், எத்தனை பேரை எடுக்கிறார்கள், எந்தக் குணம் உள்ளவர் நிலைப்பார் என்பதெல்லாம் அதன் பின்னாலேயே வந்துவிடும்.

ஒரு மனை, இரண்டு ஆட்கள்

தாம்பரம் பக்கம் ஒருவர் தன் மனையை விற்க வேண்டும். ஒரு புரோக்கரைப் பிடிக்கிறார். புரோக்கர் அக்கம்பக்கத்து விலையை விசாரித்து, இவ்வளவு கேட்கலாம் என்று சொல்கிறார். தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா எல்லாவற்றையும் தேடி எடுத்து ஒழுங்குபடுத்துகிறார். வாங்கக்கூடியவர்களை அழைத்து வந்து காட்டுகிறார். பேரம் முடிந்து பத்திரப்பதிவு ஆன அன்று அவருக்குக் கமிஷன். பதிவு நடக்கவில்லை என்றால் ஆறு மாதம் அலைந்ததும் வீண்தான். பதிவு முடிந்த அடுத்த மாதம் மனை விலை இறங்கினாலும் ஏறினாலும் அவர் பாடு அடுத்த மனை.

வாங்கும் பக்கம் இன்னொருவர். வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் தம்பிகள் நாலைந்து பேர் பணத்தைப் போட்டு, ஊரில் இருக்கும் ஒரு விவரமான ஆளிடம் கொடுத்திருக்கிறார்கள். "நல்ல இடமாப் பார்த்து வாங்கு, வாடகையை வசூல் பண்ணு, விலை வந்தா வித்துடு. வருஷத்துக்கு இவ்வளவு உனக்கு." அவர் முப்பது மனை பார்த்தால் இருபத்தெட்டை வேண்டாம் என்பார். வாங்கிய இரண்டும் வருடக்கணக்கில் அவர் தலையில்தான். தண்ணீர் வரவில்லை, கோர்ட்டில் கேஸ் என்று எது வந்தாலும் அண்ணன்மார் போன் பண்ணுவது அவருக்கு.

முதல் ஆள் இன்வெஸ்ட்மென்ட் பேங்கர். இரண்டாவது ஆள் அசெட் மேனேஜர். மனைக்குப் பதிலாகக் கம்பெனியையும் அதன் பங்குகளையும் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி முறையான விளக்கம். இன்வெஸ்ட்மென்ட் பேங்க் என்பது டெபாசிட் வாங்காது, நகைக்கடன் கொடுக்காது. பணம் திரட்ட வேண்டிய கம்பெனிக்கு அதை ஏற்பாடு செய்து தருவதும், ஒரு கம்பெனி இன்னொன்றை வாங்கவோ விற்கவோ ஆலோசனை சொல்வதும் அதன் வேலை. ஒரு கம்பெனியின் பங்குகள் முதன்முறையாகப் பொதுமக்களுக்கு விற்கப்படுவதுதான் ஐ.பி.ஓ. கம்பெனிகளை வாங்குவது, விற்பது, இணைப்பது எல்லாம் எம் அண்ட் ஏ. இந்தியாவில் ஐ.பி.ஓ. வேலையைச் செய்ய, மெர்ச்சன்ட் பேங்கர் என்ற பதிவைப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையமான செபியிடம் வாங்கியிருக்க வேண்டும். அதற்கான விதிமுறை 1992-ல் வந்தது.

அசெட் மேனேஜ்மென்ட் கம்பெனி பலருடைய பணத்தை ஒன்றாகச் சேர்த்து, அவர்கள் சார்பாகப் பங்கிலும் கடன் பத்திரத்திலும் போட்டு நிர்வகிக்கிறது. மியூச்சுவல் ஃபண்டு நமக்கு நன்றாகத் தெரிந்த வடிவம். காப்பீட்டுக் கம்பெனிகளும் ஓய்வூதிய நிதிகளும் இதே வேலையைத் தங்கள் பணத்துக்குச் செய்கின்றன. இப்படிக் கையில் இருக்கும் மொத்தப் பணத்தின் சந்தை மதிப்புக்கு ஏ.யு.எம். என்று பெயர். இந்தத் துறையில் எந்த உரையாடலும் அந்த எண்ணில்தான் தொடங்கும்.

பேங்கர் நிற்பதை செல் சைட் என்றும், அசெட் மேனேஜர் நிற்பதை பை சைட் என்றும் சொல்வார்கள். ஒருவர் விற்றுக் கொடுக்கும் பக்கம், மற்றவர் வாங்கும் பக்கம்.

ஹூண்டாய் ஐ.பி.ஓ.வில் யார் எங்கே நின்றார்கள்

ஒரே டீலில் இரண்டு பக்கத்தையும் பார்க்க 2024 அக்டோபரில் வந்த ஹூண்டாய் மோட்டார் இந்தியா ஐ.பி.ஓ. நல்ல உதாரணம். ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்யும் அதே கம்பெனிதான். கொரியத் தாய் நிறுவனம் தன்னிடம் இருந்த பங்குகளில் 14.2 கோடியை, அதாவது 17.5 சதவீதத்தை விற்றது. விலை வரம்பு 1,865 முதல் 1,960 ரூபாய். மொத்தம் 27,870 கோடி ரூபாய். அதுவரை இந்தியா பார்த்த ஐ.பி.ஓ.க்களிலேயே பெரியது இதுதான். அதற்கு முன் அந்த இடத்தில் இருந்தது 2022 மே மாதம் வந்த எல்.ஐ.சி., சுமார் 21,000 கோடி.

விற்கும் பக்கத்தில் ஐந்து இன்வெஸ்ட்மென்ட் பேங்குகள்: கோட்டக் மஹிந்திரா கேப்பிட்டல், சிட்டி, எச்.எஸ்.பி.சி., ஜே.பி. மார்கன், மார்கன் ஸ்டான்லி. வரைவு ஆவணத்தை செபியிடம் கொடுத்தது ஜூன் மாதம். டி.ஆர்.எச்.பி. என்று எல்லோரும் சொல்வது இந்த வரைவைத்தான். கம்பெனியின் தொழில், கணக்கு, வழக்குகள், ஆபத்துகள் என்று எல்லாம் அடங்கிய நூற்றுக்கணக்கான பக்கம். அதற்கு முந்தைய மாதங்களின் உழைப்பு அதற்குள் இருக்கிறது. இந்தியாவின் இரண்டாவது பெரிய கார் கம்பெனி, எஸ்.யு.வி. விற்பனை பலம், ஏற்றுமதி என்று அதன் கதையை வாங்குபவர்களுக்கு எடுத்துச் சொன்னவர்களும் இவர்கள்தான்.

வாங்கும் பக்கத்தில் மியூச்சுவல் ஃபண்டுகளும் வெளிநாட்டு நிதிகளும். அங்கே ஓர் இளம் அனலிஸ்ட் போட்டுப் பார்க்கும் கணக்கு எளிது. கம்பெனியின் 2023-24 நிகர லாபம் சுமார் 6,060 கோடி ரூபாய். மொத்தப் பங்குகள் 81.25 கோடி. வகுத்தால் ஒரு பங்குக்கு 74 ரூபாய் 58 பைசா லாபம். 1,960-ஐ அதனால் வகுத்தால் 26 சொச்சம். அதாவது வருட லாபத்தைப் போல் 26 மடங்கு விலை கேட்கிறார்கள். இது பி.இ. விகிதம். மாருதிக்குச் சந்தை என்ன விகிதம் கொடுக்கிறது? லாபம் எந்த வேகத்தில் வளரும்? பெயரையும் தொழில்நுட்பத்தையும் பயன்படுத்துவதற்காகத் தாய் நிறுவனத்துக்குக் கொடுக்கும் ராயல்ட்டியை அந்த வருடம்தான் விற்பனையில் 3.5 சதவீதமாக உயர்த்தியிருந்தார்கள், அது லாபத்தை எவ்வளவு தின்னும்? ஐ.பி.ஓ. பணம் முழுவதும் கொரியாவுக்குப் போகிறது, இங்கே புதிய ஆலைக்கு ஒரு ரூபாயும் வரவில்லை, அது பரவாயில்லையா? இந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதில் தேடி, வாங்கலாம் அல்லது வேண்டாம் என்று ஒரு சொல் சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல்லுக்குத்தான் அவருக்குச் சம்பளம்.

என்ன நடந்தது? பொது விற்பனைக்கு முந்தைய நாளே ஆங்கர் முதலீட்டாளர்கள் என்ற பெரிய நிறுவனங்கள் 1,960 ரூபாய் விலையில் 8,315 கோடிக்கு வாங்கிவிட்டன. நிறுவனங்களுக்கு ஒதுக்கிய பகுதிக்கு ஏழு மடங்கு விண்ணப்பம். சில்லறை முதலீட்டாளர் பகுதியில் பாதிதான் நிரம்பியது. அக்டோபர் 22 அன்று பங்கு சந்தைக்கு வந்தது. அன்று மாலை வெளியீட்டு விலையைவிட ஏழு சதவீதம் போலக் கீழே முடிந்தது.

அன்றிரவு இரண்டு அலுவலகங்களையும் நினைத்துப் பாருங்கள். பேங்கருக்கு டீல் முடிந்தது, கட்டணம் உறுதி. கொஞ்சம் சங்கடம் இருக்கும், அடுத்த ஐ.பி.ஓ.வுக்கு ஆள் திரட்டும்போது ஃபண்டு மேனேஜர்கள் இதைக் குத்திக்காட்டுவார்கள். ஆனால் அவர் வேலை முடிந்தது. ஆங்கராக வாங்கிய ஃபண்டுக்கு அந்தச் சரிவு அன்றைய என்.ஏ.வி.யிலேயே ஏறிவிட்டது. என்.ஏ.வி. என்பது ஃபண்டின் ஒரு யூனிட்டின் அன்றைய மதிப்பு, தினமும் வெளியாகும். சரி, விற்றுவிடலாம் என்றாலும் முடியாது: ஆங்கராக வாங்கிய பங்கில் பாதியை 30 நாளும் மீதியை 90 நாளும் விற்கக் கூடாது என்பது விதி. அவர் வேலை அன்றுதான் தொடங்குகிறது.

இதுவரை பார்த்தது: ஒரே காகிதத்தை ஒருவர் தயாரிக்கிறார், மற்றவர் சந்தேகத்தோடு படிக்கிறார். ஒருவருக்கு டீல் முடிவது முடிவு, மற்றவருக்கு அதுவே ஆரம்பம்.

சம்பளம் எங்கிருந்து வருகிறது

ஒரு கற்பனைக் கணக்கு. 1,000 கோடி ரூபாய் ஐ.பி.ஓ.வுக்கு 2 சதவீதம் கட்டணம் என்று வைத்துக்கொண்டால், பேங்குக்கு 20 கோடி. ஒரே தடவை. அடுத்த 20 கோடிக்கு அடுத்த டீலைப் பிடிக்க வேண்டும். 20,000 கோடி ஏ.யு.எம். உள்ள ஃபண்டு வருடத்துக்கு 1 சதவீதம் எடுக்கிறது என்றால் 200 கோடி. அடுத்த வருடமும் வரும். அது வருடக் கடைசியில் வரும் பணம்கூட இல்லை, தினமும் என்.ஏ.வி.யில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கழிக்கப்படுகிறது, நாளைக்கு 55 லட்சம் கணக்கில். ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து.

இந்த ஒரு வித்தியாசத்தில் இருந்து பல விஷயங்கள் கிளைக்கின்றன.

முதலாவது, நல்ல காலமும் கெட்ட காலமும். டீல் வராத வருடத்தில் இன்வெஸ்ட்மென்ட் பேங்குக்கு வருமானம் சட்டென்று வற்றும். 2022-ல் உலகெங்கும் வட்டி விகிதம் ஏறியதும் டீல்கள் வறண்டன. 2023 ஜனவரியில் அமெரிக்க இன்வெஸ்ட்மென்ட் பேங்கான கோல்ட்மேன் சாக்ஸ் சுமார் 3,200 பேரை வீட்டுக்கு அனுப்பியது. அதே பேங்குகள் 2021-ல் ஆள் போதாமல் தவித்துக்கொண்டிருந்தன. ஆகவே பேங்கரின் சம்பளத்தில் போனஸ் பெரிய பங்கு. நல்ல வருடத்தில் கொட்டும், மோசமான வருடத்தில் காணாமல் போகும். அசெட் மேனேஜ்மென்ட்டிலும் சந்தை விழுந்தால் ஏ.யு.எம். விழும், ஆனால் பூஜ்யமாகாது. இந்திய மியூச்சுவல் ஃபண்டுகளின் மொத்த ஏ.யு.எம். 2014-ல் 10 லட்சம் கோடி ரூபாயைத் தொட்டது. 2025 மார்ச்சில் 65 லட்சம் கோடிக்கு மேல். அந்த மாதம் எஸ்.ஐ.பி., அதாவது மாதாமாதம் ஒரு தொகையை ஃபண்டில் போடும் திட்டம் வழியாக மட்டும் 26,000 கோடியை ஒட்டி உள்ளே வந்தது. இதற்கிடையில் கோவிட் வந்து சந்தை குப்புற விழுந்ததையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இரண்டாவது, எத்தனை பேர் வேண்டும் என்பது. இதைப் பலரும் யோசிப்பதே இல்லை. ஒவ்வொரு டீலுக்கும் புதிதாகக் காகிதம் தயாரிக்க வேண்டும். பத்து டீல் என்றால் பத்து மடங்கு பக்கங்கள், அவற்றைப் புரட்ட இளைஞர்கள். ஃபண்டு அப்படியில்லை. 20,000 கோடியை நடத்தும் அதே ஏழெட்டுப் பேர் 40,000 கோடியையும் நடத்தலாம். பணம் இரட்டிப்பானால் வேலை இரட்டிப்பாவதில்லை. அதனால்தான் அசெட் மேனேஜ்மென்ட் கம்பெனிகளின் லாபம் கொழிக்கிறது, அதனால்தான் முதலீட்டுக் குழுவில் புதியவர்களுக்கு இடம் அபூர்வம். வெளியே விளம்பரத்தில் பார்க்கும் மியூச்சுவல் ஃபண்டு வேலைகளில் பெரும்பாலானவை விற்பனைப் பிரிவில். சொந்தக்காரர்களின் "ஃபண்டு விக்கிற வேலையா?" என்ற கேள்வி முழு மடத்தனம் இல்லை என்று இப்போது தெரியும்.

இண்டெக்ஸ் ஃபண்டு இதை இன்னும் இறுக்குகிறது. ஐம்பது பெரிய கம்பெனிகளின் பங்குக் குறியீடான நிஃப்டி 50-ல் என்னென்ன பங்கு எந்த அளவில் இருக்கிறதோ அதை அப்படியே வாங்கி வைக்கும் ஃபண்டு அது. பங்கைத் தேர்வு செய்ய ஆளே வேண்டாம், கட்டணமும் சொற்பம். தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி 2015 முதல் பங்குச் சந்தையில் போடும் பணம் பெரும்பாலும் இந்த வகையில்தான் போகிறது. பணம் குவிகிறது, ஆனால் அனலிஸ்ட் வேலை அந்த வேகத்தில் குவிவதில்லை.

மூன்றாவது, நேரம். டீலின் கெடு வாடிக்கையாளர் கையில். அவர் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு மனம் மாறினால், திங்கள் காலைக்குள் எல்லாம் மாற வேண்டும். முடியாது என்று சொல்லும் பேங்கருக்குப் பின்னால் நான்கு பேங்குகள் வரிசையில் நிற்கின்றன. 2021-ல் கோல்ட்மேன் சாக்ஸில் முதல் வருட அனலிஸ்டுகள் 13 பேர் தாங்களே எடுத்த கணக்கு வெளியே வந்து பெரிய பேச்சானது: வாரத்துக்குச் சராசரியாக 95 மணி நேரம். 2024-ல் ஜே.பி. மார்கன் இளநிலை பேங்கர்களுக்கு வாரம் 80 மணி நேரம் என்று ஒரு வரம்பு வைத்தது, அதுவும் எல்லாச் சமயத்துக்கும் இல்லை. 80 மணி நேரத்தைச் சலுகையாக அறிவிக்கும் தொழில் வேறு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. ஃபண்டு வேலையில் சந்தை 9.15-க்குத் திறந்து 3.30-க்கு மூடும். காலாண்டு முடிவுகள் வரும் வாரங்களில் மூச்சு முட்டும். மற்ற நாட்களில் ராத்திரிச் சாப்பாட்டை வீட்டில் சாப்பிடலாம்.

சுருக்கமாக: பேங்குக்குக் கட்டணம் டீலுக்கு டீல், ஃபண்டுக்கு நாளுக்கு நாள். போனஸின் ஏற்ற இறக்கம், ஆள் எடுக்கும் அளவு, வேலை நேரம் மூன்றுக்கும் வேர் இதுதான்.

முதல் வருடம் உண்மையில் என்ன செய்வீர்கள்

இன்வெஸ்ட்மென்ட் பேங்கில் முதல் வருடத்தவரை யாரும் கம்பெனி முதலாளியோடு பேச விடுவதில்லை. டி.ஆர்.எச்.பி.யில் "நாங்கள் இந்தத் துறையில் மூன்றாவது பெரிய நிறுவனம்" என்று ஒரு வரி இருந்தால், அதற்கு ஆதாரக் காகிதம் எங்கே என்று தேடிக் கோப்பில் சேர்ப்பது உங்கள் வேலை. இதை பேக்கப் என்பார்கள். ஒவ்வொரு வரிக்கும் வேண்டும். 14-ஆம் பக்கத்தில் உள்ள விற்பனை எண்ணும் 287-ஆம் பக்கத்தில் உள்ள எண்ணும் ஒத்துப்போகிறதா? ஒன்றில் கோடி, மற்றதில் மில்லியன் என்று இருக்கிறதா? வக்கீல் நேற்று மாற்றிய வாக்கியம் புதிய பிரதியில் வந்ததா? இந்தச் சல்லடை வேலை மாதக்கணக்கில் போகும். இன்னொரு பக்கம் பிட்ச் புக், அதாவது "எங்களுக்கு இந்த டீலைக் கொடுங்கள்" என்று கேட்க எடுத்துப் போகும் விளக்கப் பக்கங்கள். இரவு இரண்டு மணிக்கு நீங்கள் சரிசெய்த 43-ஆவது பக்கத்தை அந்த முதலாளி திருப்பியே பார்க்காமல் இருக்கலாம். பெரும்பாலும் பார்ப்பதில்லை.

இதைக் கேட்டால் அடிமை வேலை போலத் தோன்றும். ஆனால் ஒரு கம்பெனியின் குடல்வரை உள்ளே போய்ப் பார்ப்பது இந்த வேலையில்தான். வெளியில் இருப்பவர் ஆண்டறிக்கையில் ஒரு வரி படிப்பார், நீங்கள் அந்த வரிக்குப் பின்னால் இருக்கும் ஒப்பந்தத்தையே படித்திருப்பீர்கள். இரண்டு வருடத்தில் எக்செல், கணக்கியல், கெடுவுக்குள் பிழையில்லாமல் முடிப்பது என மூன்றும் எலும்பில் ஏறிவிடும்.

ஃபண்டு கம்பெனியின் ரிசர்ச் குழுவில் சேர்ந்தால் ஒரு துறையைக் கையில் கொடுப்பார்கள். சிமென்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் மாதங்களில் பழைய ஆண்டறிக்கைகள், அதிலும் பின்பக்கக் குறிப்புகள்: நிலுவையில் உள்ள வழக்குகள், முதலாளி குடும்பத்தின் வேறு கம்பெனிகளோடு நடந்த கொடுக்கல் வாங்கல், வசூலாகாத பாக்கி. பிறகு கம்பெனிகள் காலாண்டுக்கு ஒருமுறை நடத்தும் தொலைபேசிக் கூட்டங்கள். பிறகு நேரே டீலர் கடைக்குப் போய், மூட்டை என்ன விலைக்குப் போகிறது, எந்த பிராண்டு தேங்கிக் கிடக்கிறது என்று விசாரிப்பது. கடைசியில் இரண்டு பக்கக் குறிப்பு: வாங்கலாமா, எந்த விலையில், எது நடந்தால் நாம் தவறு.

கடினம் வேலையின் அளவில் இல்லை. உங்கள் கருத்து தேதியோடு கோப்பில் இருக்கும். ஆறு மாதம் கழித்துப் பங்கு பாதியாகிவிட்டால், காரணம் சொல்லி மறைக்க முடியாது. அதோடு உங்கள் ஃபண்டு எவ்வளவு சம்பாதித்தது என்பதைத் தனியாகப் பார்க்க மாட்டார்கள், பெஞ்ச்மார்க் என்ற அளவுகோலோடு ஒப்பிட்டுத்தான் பார்ப்பார்கள். நிஃப்டி 15 சதவீதம் ஏறிய வருடத்தில் நீங்கள் 12 சதவீதம் சம்பாதித்தால் அது தோல்வி. சந்தை 20 சதவீதம் விழுந்தபோது நீங்கள் 15 சதவீதத்தோடு நின்றால் அது வெற்றி, பணம் போட்டவர் அதைக் கொண்டாட மாட்டார் என்றாலும். பொறுப்பு இறுக்கமாக இருக்க வேண்டும் என்று, முக்கியப் பொறுப்பில் இருப்பவர்கள் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாங்கள் நடத்தும் ஃபண்டுகளிலேயே போட வேண்டும் என்று 2021-ல் செபி விதி போட்டது. பின்னர் அதைத் தளர்த்தியது.

கடன் பத்திர ஃபண்டுகளில் தவறு வேறு மாதிரி வெடிக்கும். 2020 ஏப்ரல் 23 அன்று ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் தன் ஆறு கடன் ஃபண்டுகளை மூடுவதாக அறிவித்தது. 25,000 கோடிக்கு மேல் பணம் மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டது. நாளடைவில் பணம் திரும்பி வந்தது. ஆனால் கடன் ஃபண்டு பற்றிப் பேச்சு வந்தால் இன்றும் முதலில் அந்தச் சம்பவம்தான் வரும்.

இரண்டு வேலைக்கும் பொதுவான ஒரு கட்டுப்பாடு: சொந்தக் கணக்கில் நினைத்தபடி பங்கு வாங்கி விற்க முடியாது. வெளியே தெரியாத தகவல் கையில் இருக்கும் என்பதால் முன் அனுமதி, தடைப் பட்டியல் எல்லாம் உண்டு. டிரேடிங் பழக்கம் உள்ளவர்கள் சேர்வதற்கு முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

சென்னையில் கிடைக்கும் 'இன்வெஸ்ட்மென்ட் பேங்க்' வேலை

தமிழ்நாட்டில் இருந்து விண்ணப்பிப்பவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. சென்னையிலும் பெங்களூரிலும் உலகப் பெரிய பேங்குகளுக்கு ஆயிரக்கணக்கில் ஆட்கள் இருக்கிறார்கள். அடையாள அட்டையில் அந்தப் பெயர்தான். ஆனால் டீல் பிடிப்பவர்களும் பங்கைத் தேர்வு செய்பவர்களும் அங்கே கொஞ்சம் பேர்தான். நேரடியாக வருமானம் ஈட்டும் அந்தப் பகுதிக்கு ஃபிரண்ட் ஆஃபீஸ் என்று பெயர். ஆபத்தை அளந்து கண்காணிப்பது மிடில் ஆஃபீஸ். நடந்த வியாபாரத்தைப் பதிவு செய்து, பணமும் பங்கும் சரியாகக் கைமாறியதா என்று பார்ப்பது பேக் ஆஃபீஸ். சென்னையில் இருப்பது பெரும்பாலும் பின்னிரண்டும் மென்பொருளும்.

மியூச்சுவல் ஃபண்டு உலகில் சென்னைக்கு ஒரு கௌரவமான இடம் உண்டு. 1993-ல் வந்த நாட்டின் முதல் தனியார் மியூச்சுவல் ஃபண்டான கோத்தாரி பயோனியர் இங்கே பிறந்தது. சுந்தரம் மியூச்சுவலின் தலைமையகம் இங்கே. யார் எந்த ஃபண்டில் எத்தனை யூனிட் வைத்திருக்கிறார்கள் என்று நாட்டின் மூன்றில் இரண்டு பங்கு மியூச்சுவல் ஃபண்டு பணத்துக்குக் கணக்கு வைக்கும் கேம்ஸ் நிறுவனமும் சென்னைதான். ஆனாலும் இங்கே எண்ணிக்கையில் அதிகம் இருப்பது கணக்கு வைக்கும் வேலை.

அந்த வேலைகள் மட்டம் என்று சொல்ல வரவில்லை. வேலை நேரம் ஒழுங்கானது, சொந்த ஊரில் இருக்கலாம், பலர் அதிலேயே பெரிய பொறுப்புக்கு வந்திருக்கிறார்கள். பிரச்சினை, அங்கே சேர்ந்துவிட்டு இரண்டு வருடத்தில் மும்பை டீல் டீமுக்கு மாறிவிடலாம் என்று கணக்குப் போடுவதில். அந்தக் கணக்கு அபூர்வமாகத்தான் பலிக்கிறது. எனவே நியமனக் கடிதத்தில் கம்பெனி பெயரைப் பார்க்காதீர்கள், வேலை விவரத்தைப் பாருங்கள். செட்டில்மென்ட், ரீகன்சிலியேஷன், என்.ஏ.வி. கணக்கீடு, கே.ஒய்.சி. என்ற சொற்கள் இருந்தால் அது பின்னறை. எம் அண்ட் ஏ, ஈக்விட்டி கேப்பிட்டல் மார்க்கெட்ஸ், டீல் எக்ஸிக்யூஷன் என்று இருந்தால் பேங்கிங். ஈக்விட்டி ரிசர்ச், போர்ட்ஃபோலியோ, செக்டர் கவரேஜ் என்று இருந்தால் முதலீட்டுப் பக்கம். நடுவில் ஒரு வகை உண்டு: நியூயார்க், லண்டன் டீல் டீமுக்கு இங்கிருந்து பிட்ச் புக் பக்கமும் எக்செல் கணக்கும் போட்டுக் கொடுப்பது. வேலையின் பயிற்சி கிடைக்கும், டீலின் பெயர் கிடைக்காது.

எதில் இருந்து எதற்குப் போகலாம்

பேங்கிங்கில் இரண்டு மூன்று வருடம் இருந்துவிட்டு ஃபண்டுக்கோ, பட்டியலிடாத கம்பெனிகளில் முதலீடு செய்யும் பிரைவேட் ஈக்விட்டிக்கோ போகிறவர்கள் நிறைய. எதிர்த் திசையில் போகிறவர்களைக் காண்பது அரிது. பேங்குக்கு வேண்டியது டீல் முடித்த அனுபவம். ஐந்து வருடம் சிமென்ட் பங்குகளைப் படித்தவருக்குக் கருத்து இருக்கும், ஆனால் ஒரு டி.ஆர்.எச்.பி.யையும் கரை சேர்த்த அனுபவம் இருக்காது.

இதை வைத்து "எதற்கும் முதலில் பேங்கிங் போய்விடு" என்று அறிவுரை சொல்கிறவர்கள் அதிகம். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். கணக்கு நன்றாக வரும், ஆனால் எந்தப் பக்கம் மனம் போகிறது என்று தெரியவில்லை என்பவருக்கு அது சரி. படிப்புக் கடன் கழுத்தை நெரிக்கிறது என்றாலும் சரி. ஆனால் யாரும் சொல்லாமலே ஆண்டறிக்கை படிக்கிறவர், ஒரு கடையில் கூட்டம் இருந்தால் இது எந்தக் கம்பெனி, லாபம் எவ்வளவு என்று தேடுகிறவர் என்று சிலர் இருக்கிறார்கள். கையில் ரிசர்ச் வேலை இருக்கும்போது அப்படிப்பட்டவர் அதை விட்டுவிட்டு, சுற்றி வருவதற்காக பேங்கிங் போவது எனக்கு வீண் வேலையாகத்தான் படுகிறது. பேங்கிங் ஒரு விஷயத்தைச் சொல்லித் தருவதே இல்லை: வேண்டாம் என்று சொல்வது. டீலை முடித்து வைக்கப் பழகிய மனதுக்கு, முப்பதில் இருபத்தெட்டை ஒதுக்கும் பழக்கம் பிறகு எளிதில் வராது.

மனிதர்களோடு பேசுவது பிடிக்குமா என்பதையும் யோசியுங்கள். முதல் வருட பேங்கர் எக்செல் பார்க்கிறார், பத்தாவது வருட பேங்கர் முதலாளிகளின் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகிறார். மேலே போகப் போக அது உறவை வளர்க்கும் தொழில். ஃபண்டு மேனேஜர் பத்தாவது வருடமும் படித்துக்கொண்டுதான் இருப்பார்.

படிப்பு விஷயத்தில் அதிகம் குழம்ப வேண்டாம். இந்தியாவில் பேங்கிங்குக்கு சி.ஏ.வும் பெரிய எம்.பி.ஏ. கல்லூரிகளும் முக்கிய வழி. முதலீட்டுப் பக்கம் மூன்று கட்டங்கள் கொண்ட சி.எஃப்.ஏ. தேர்வுக்குக் கூடுதல் மதிப்பு. அதன் முதல் கட்டத்தை முடித்திருப்பது ஆர்வத்துக்கு அடையாளம், அவ்வளவுதான். நேர்முகத் தேர்வில் உங்களுக்குப் பிடித்த ஒரு பங்கைப் பற்றிக் கேட்பார்கள். அங்கே ஐந்து நிமிடம் தடுமாறாமல் பேசத் தெரியாவிட்டால் சான்றிதழ் காப்பாற்றாது.

நேர்முகத் தேர்வில் நீங்களும் கேள்வி கேளுங்கள். பேங்க் என்றால்: கடந்த ஒரு வருடத்தில் இந்தக் குழு முடித்த டீல்கள் என்னென்ன, போன வருடம் சேர்ந்தவர் அதில் எதைத் தொட்டார்? பிட்ச் மட்டும் போட்டு ஒரு டீலும் முடிக்காத குழுவில் சேர்ந்தால், மேலே சொன்ன பயிற்சி பாதிதான் கிடைக்கும். ஃபண்டு என்றால்: ஓர் அனலிஸ்ட் எத்தனை கம்பெனி பார்க்கிறார், அவர் கருத்தை ஃபண்டு மேனேஜரிடம் நேரே சொல்கிறாரா, இடையில் யாராவது இருக்கிறார்களா?

பங்கு ஆராய்ச்சியில்தான் மனம், ஆனால் எந்த ஃபண்டும் புதியவரை எடுக்கவில்லை என்றால், பங்குத் தரகு நிறுவனங்களின் ரிசர்ச் பிரிவைப் பாருங்கள். அது செல் சைட்தான், என்றாலும் டீல் வேலை இல்லை. ஃபண்டு மேனேஜர்களுக்காகக் கம்பெனிகளைப் பற்றி அறிக்கை எழுதும் வேலை. இந்தியாவின் பல ஃபண்டு மேனேஜர்கள் அந்த வழியாகத்தான் உள்ளே வந்தார்கள். அதற்கு செபியின் பயிற்சி நிறுவனமான என்.ஐ.எஸ்.எம். நடத்தும் ரிசர்ச் அனலிஸ்ட் தேர்வை எழுத வேண்டும், கல்லூரியில் இருக்கும்போதே எழுதி வைத்துக்கொள்ளலாம். உங்கள் அறிக்கையைப் படித்த ஃபண்டு மேனேஜர் மறுநாள் போன் பண்ணி உங்கள் எண்களைக் கிழித்துத் தொங்கவிடுவார். அப்படி இரண்டு மூன்று வருடம் பேசிப் பழகியவரை, தன் குழுவில் ஓர் இடம் காலியாகும்போது அவருக்கு முதலில் ஞாபகம் வரும்.